காலி என்று காட்டிய டிவிடி

மன்றத்து அறிவிப்புப் பலகையில் அந்தத் தாளை ஒட்டியது மதிலக்காவின் சொந்தத் தம்பி. மாலை நேரத்தில் வாலிபால் மைதானம் இனி ஆண்கள் அணிக்கு மட்டும். பெண்கள் மதியம் இரண்டு மணி முதல் நான்கு மணி வரை ஆடிக்கொள்ளலாம். கீழே ‘செயலாளர்’ என்று போட்டு, வால் நீண்ட ஒரு கையெழுத்து.

ஆடிய காலத்தில் வலைக்கு முன்னால் மதிலக்கா கையைத் தூக்கி நின்றால் பந்து தாண்டாது. மதில் என்ற பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். இப்போது ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். நாள் முழுக்க அடுத்தவர்கள் தப்பாக அழுத்தும் கிளட்சைச் சகித்துக்கொண்டு, சாயங்காலம் பெண்கள் அணிக்குப் பயிற்சி. அணியில் ஒருத்தி மருந்துக் கடையில் நிற்கிறாள், ஒருத்தி நர்ஸிங் படிக்கிறாள், மற்றவர்கள் தையல் கம்பெனியில் இருக்கிறார்கள். மதியம் இரண்டு மணிக்கு ஒருத்தியாலும் வர முடியாது. அணியைக் கலைக்கிறோம் என்று சொல்லாமலே கலைக்கிற வழி அது.

அவள் நேரே மன்ற அலுவலகத்துக்குப் போனாள். தம்பியைச் சுற்றிக் கமிட்டிக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

“ஏன்டா, ரெண்டு மணி வெயில்ல யாருடா வருவா?”

“அக்கா, இங்க நான் செயலாளர்.”

“சரிங்க செயலாளர் அவர்களே. ரெண்டு மணி வெயில்ல யாருங்க வருவா?”

இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். தம்பிக்கு முகம் சிவந்தது. டைல்ஸ் கடை வைத்து நாலு பேரை வேலை வாங்குகிறவன். அக்காவுக்கு முன்னால் மட்டும் அவனுக்கு வயது குறைந்துவிடும். அதை மறைக்கத்தான் குரலை உயர்த்தினான்.

“பொண்ணுங்க டீம் எப்பவுமே ஒப்புக்கு ஆடுற டீம்தானே. உள்ளதத்தான சொல்றேன்.”

“ஒப்புக்கா? உங்க டீமையே நாங்க தோக்கடிச்சிருக்கோம். ஆண்டு விழாவுல, மூணாவது செட் வரைக்கும் போயி. நீயும்தானே ஆடுன.”

“எப்போ? எனக்கு அப்படி ஒண்ணும் ஞாபகம் இல்ல. இங்க யாருக்காவது ஞாபகம் இருக்கா?”

அன்று ஆடிய இன்னொருவரும் அந்த அறையில் இருந்தார். அவர் மின்விசிறி எத்தனை வேகத்தில் சுற்றுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறாள். தன் தட்டிலேயே மறைப்பார்கள் என்று நினைக்கவில்லை.

“டிவிடி இருக்கு,” என்றாள்.

“கொண்டு வாயேன். பொதுக்குழுவுல எல்லாரும் போட்டுப் பாப்போம்,” என்றான் தம்பி.

டிவிடி இருக்கத்தான் செய்தது. அவளுடைய கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அவள் ஆடிய ஒவ்வொரு ஆட்டத்தையும் கேமராவில் எடுத்து, வீட்டிலிருந்த ரெக்கார்டரில் டிவிடியாகப் பதிந்து, ஒவ்வொன்றின் மேலும் வட்டமாகத் தாள் ஒட்டி, அச்சு கோத்ததுபோன்ற எழுத்தில் பெயர் எழுதி அடுக்கிவைத்திருந்தார். அடுக்கிவைத்ததோடு சரி. அப்புறம் யாரும் தொடவில்லை.

சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில், மகள் வேலைக்குப் போனபோது விட்டுப்போன கம்ப்யூட்டர் இருந்தது. மதிலக்கா எல்லாவற்றையும் அதில் ஏற்றிவிடுவது என்று உட்கார்ந்தாள். ஒன்றைக் கொண்டுபோய் அது பாதியில் நின்றால் கூட்டத்தில் சிரிப்பார்கள். காப்பி எடுத்து, அதற்கும் ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

முதல் டிவிடியைப் போட்டதும் டிரைவ் மாவு மில் மாதிரி இரைந்தது. மேசை அதிர்ந்தது. கொஞ்ச நேரத்தில் ‘படிக்க முடியவில்லை’ என்று நின்றுவிட்டது. வெளியே எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். மேலே ஒட்டிய தாள் ஒரு பக்கம் பிசின் காய்ந்து தூக்கிக்கொண்டிருந்தது.

“ஏங்க, இந்தப் பேப்பர யாரு ஒட்டச் சொன்னது?”

“அழகா இருக்கட்டுமேன்னு ஒட்டினேன்,” என்றார் கணவர்.

“ஒரு பக்கம் கனமா இருந்தா சக்கரம் ஆடாதா? காத்து கம்மியா இருக்கிற டயர் மாதிரி உதறுது பாருங்க.”

வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, நகம் படாமல் தாளை உரித்தாள். அடிப்பக்கத்தைச் சுற்றிச் சுற்றித் துடைக்கப் போனவளைக் கணவர் தடுத்தார். கடையிலிருந்து கொண்டுவந்த கண்ணாடி துடைக்கும் துணியால், நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோடாக இழுத்தார். வட்டமாகத் துடைத்தால் ஒரு கீறல் விழுந்தாலும் அது பதிவின் போக்கிலேயே விழும். குறுக்கே விழுந்தால் டிரைவ் தாண்டிப் போய்விடும் என்றார். அதற்குப் பிறகு டிரைவ் சத்தம் போடாமல் சுற்றியது.

அடுத்த தொல்லை ஹார்ட் டிஸ்க்கில் வந்தது. காப்பிகளைப் போட்டுவைக்க மகளின் பழைய வெளி ஹார்ட் டிஸ்க்கைச் செருகியிருந்தாள். டிவிடி முழுவதையும் ஒரே ஃபைலாக்கி அதில் போடப் பார்த்தபோது இடம் இல்லை என்றது. திறந்து பார்த்தால் உள்ளே ஈ காக்கா இல்லை, முழுக்கக் காலி.

“காலி பஸ்ஸ வெச்சுக்கிட்டு ஏறாதேங்கிற கண்டக்டர் மாதிரி இருக்கே,” என்றாள்.

தேடிப் படித்ததில் விஷயம் புரிந்தது. அந்த டிஸ்க் பழைய முறையில் ஃபார்மட் செய்யப்பட்டது. எவ்வளவு இடம் இருந்தாலும் ஓர் அளவுக்கு மேல் பெரிய ஃபைலை ஒரே துண்டாக வாங்காது. புது முறையில் ஃபார்மட் செய்தாள். அதன் பிறகு ஒவ்வொரு டிவிடியாக ஏறிக்கொண்டே வந்தது. லீக் ஆட்டங்கள், பக்கத்து ஊர்ப் போட்டிகள், மழை வந்து நின்றுபோன ஒரு ஃபைனல். பயிற்சிப் பள்ளியிலிருந்து வந்ததும் கைகழுவிவிட்டு உட்கார்ந்தால் கணவர் கூப்பிட்டுத்தான் எழுந்திருப்பாள்.

கடைசியில் ஆண்டு விழா டிவிடி. போட்டாள். சுற்றியது. திரையில் ‘வெற்று டிஸ்க்’ என்று வந்தது. இதில் என்ன எழுதட்டும் என்று கம்ப்யூட்டர் அவளையே கேட்டது.

மறுபடி போட்டாள். மறுபடியும் அதே கேள்வி.

கம்ப்யூட்டர் கடைக்குக் கொண்டுபோனாள். கடைக்காரர் தன் டிரைவில் போட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“இதுல ஒண்ணுமே இல்ல மேடம். வெறும் தட்டு. பத்திரமா வெச்சிருந்திருக்கீங்க, அவ்வளவுதான்.”

“நல்லாப் பாருங்க.”

“நான் என்ன ஒளிச்சா வெச்சிருக்கேன்? தூக்கிப் போட்டுட்டு வேற வேலையப் பாருங்க.”

கடை வாசலில் நின்று டிவிடியை வெயிலில் சாய்த்துப் பிடித்தாள். தூக்கிப் போடச் சொன்ன கடைக்காரர்மேல் கோபம் இருந்தது. அதைவிட, தம்பி இதைக் கேட்டால் எப்படிச் சிரிப்பான் என்ற நினைப்பு அதிகம் எரிந்தது. சாய்த்துப் பார்த்தபோது அடிப்பக்கம் இரண்டு நிறமாகத் தெரிந்தது. நடுவிலிருந்து ஓரத்துக்குக் கொஞ்சம் முன்னால் வரை கருத்த வளையம். அதற்கு அப்பால் வெளிறிய மெல்லிய பட்டை. எழுதாத தட்டு என்றால் ஒரே நிறமாக அல்லவா இருக்க வேண்டும்?

வீட்டுக்கு வந்து கணவரிடம் காட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றி, டிவிடியைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார். பார்த்தவர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

“பதிஞ்சு முடிச்சதும் ரெக்கார்டர்ல ‘முடி’ன்னு ஒண்ணு குடுக்கணும். அப்பதான் மத்த மிஷின்ல எல்லாம் தெரியும். இதுல கொஞ்சம் இடம் மிச்சம் இருந்துச்சு. வேற ஏதாவது பதியலாமேன்னு…”

“முடிக்காம விட்டுட்டீங்க.”

“விட்டுட்டேன்.”

“இத்தன வருஷமா அந்த மிச்ச இடத்துல என்ன பதிஞ்சீங்க?”

அவர் கழற்றிய கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். மதிலக்கா சிரித்துவிட்டாள். காலி இல்லை என்று தெரிந்ததே அவளுக்குப் போதுமாக இருந்தது. பதிந்த அதே ரெக்கார்டரில் போட்டு முடித்துக் கொடுத்தால் தீர்ந்தது. ஆனால் ரெக்கார்டர் இப்போது தம்பி வீட்டில் இருந்தது. அவன் புதுக்குடித்தனம் வைத்தபோது இவள்தான் தூக்கிக் கொடுத்தாள்.

“அவன்கிட்டயா போய் நிக்கப் போற?” என்றார் கணவர்.

“நிக்கல. உக்காந்து வேலை பாக்கப் போறேன்,” என்று ஸ்க்ரூ டிரைவரைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. தம்பி மனைவிதான் கதவைத் திறந்தாள். “வாங்க அண்ணி,” என்றவள், விஷயத்தைக் கேட்டதும் டிவிக்குக் கீழே போர்த்தியிருந்த பூத்துணியை எடுத்தாள். ரெக்கார்டர் அங்கேதான் இருந்தது, மேலே ஒரு ஜாடியைச் சுமந்துகொண்டு.

உள்ளேயிருந்து தம்பி வந்தான். “அது வேலை செய்யாதுக்கா.”

“ஆமா அண்ணி. தட்டு வெளிய வரமாட்டேங்குது. அதான் மூடி வெச்சோம்,” என்றாள் தம்பி மனைவி.

மதிலக்கா தரையில் உட்கார்ந்து மேல்மூடியைக் கழற்றினாள். பொத்தானை அழுத்தினால் உள்ளே மோட்டார் முனகியது, தட்டு நகரவில்லை. மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் நடுவே மோதிரம்போல ஒரு ரப்பர் பெல்ட். தொட்டுப் பார்த்தாள், தளர்ந்து வழுக்கியது. அதை எடுத்துத் தம்பி மனைவியிடம் கொடுத்துக் கொதிக்கிற தண்ணீரில் சற்று நேரம் போட்டுவரச் சொன்னாள். தளர்ந்த ரப்பர் சூட்டில் கொஞ்சம் சுருங்கும், ஒரு நாள் வேலைக்குத் தாங்கும் என்று எங்கோ படித்திருந்தாள்.

தம்பி கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றான். பெல்ட்டை மாட்டும்போது பொடி ஸ்க்ரூ ஒன்று அவள் விரலிலிருந்து நழுவித் தரையில் உருண்டது. அவன் சட்டென்று மண்டியிட்டு, சோபாவுக்கு அடியில் கையை விட்டுத் துழாவி எடுத்துக் கொடுத்தான். கொடுத்த பிறகுதான் தான் எந்தக் கட்சி என்பது நினைவு வந்ததுபோல எழுந்து நின்றான்.

“இத வெச்சு நாலு பேர் முன்னால என்னைய அசிங்கப்படுத்தப் போற.”

“தோத்தது என்னடா அசிங்கம்? தோக்கவே இல்லன்னு சொல்ற பாரு, அதுதான் அசிங்கம்.”

அவன் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டான். பொத்தானை அழுத்தியதும் தட்டு முக்கி முனகி வெளியே வந்தது. டிவிடியை வைத்து, பட்டியலில் ‘முடி’ என்பதைத் தேடி அழுத்தினாள். திரையில் ஒரு கோடு மெதுவாக நிறையத் தொடங்கியது. நடுவில் கரண்ட் போனால் அவ்வளவுதான். அவளும் தம்பி மனைவியும் அடுப்பில் பால் வைத்தவர்கள் மாதிரி கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

தம்பி மனைவி குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: “கல்யாணமான புதுசுல அவரேதான் அண்ணி சொன்னாரு. எங்க அக்கா டீம் எங்கள அடிச்ச அடி இருக்கே, அப்படின்னு. பெருமையாத்தான் சொன்னாரு.”

மதிலக்கா சாத்தியிருந்த கதவை ஒருமுறை பார்த்தாள். கோடு நிறைந்தது.

வீட்டுக் கம்ப்யூட்டர் இந்தமுறை டிவிடியை அடையாளம் கண்டுகொண்டது. திரையில் அவள் வலைக்கு முன்னால் நின்றாள். ஒல்லியாக, உச்சியில் முடியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு. எதிர்ப்பக்கம் மீசை அரும்பிய தம்பி. முதல் இரண்டு செட்டும் தடங்கல் இல்லாமல் ஏறின. மூன்றாவது செட்டின் முடிவு வளையத்தின் வெளி ஓரத்தில் இருந்தது. டிவிடியைப் பிடிக்கும்போதெல்லாம் விரல் படுகிற இடம் அது. டிரைவ் அந்த இடத்துக்கு வந்ததும் திக்கியது.

துடைத்துப் பார்த்தாள். வேகத்தைக் குறைத்துப் பார்த்தாள். படிக்க முடியாத இடத்தையே விடாமல் திரும்பத் திரும்பப் படிக்கிற ஒரு புரோகிராமைப் போட்டாள். கொஞ்சம் கூடுதலாகக் கிடைத்தது. மருந்துக் கடைப் பெண் தன் அண்ணனின் டிரைவைக் கொண்டுவந்து கொடுத்தாள்; இது விட்டதை அது பிடித்தது. இப்படிச் சேர்த்துச் சேர்த்து, மூன்றாவது செட்டில் பதினாலுக்குப் பதிமூன்று என்று பெண்கள் முன்னால் இருக்கும் இடம் வரை வந்தது. தம்பி எம்பி அடிக்கிறான். மதிலக்கா கையைத் தூக்குகிறாள். பந்து வலைக்கு மேலே அந்தரத்தில் நிற்கிறது. அதற்கு மேல் எந்த டிரைவும் தரவில்லை.

“இது போதும்க்கா,” என்றாள் மருந்துக் கடைப் பெண்.

போதுமா என்று மதிலக்காவுக்குத் தெரியவில்லை. ஆனாலும் காப்பி எடுத்தாள். அதற்கு ஒரு காப்பி. அப்புறம் அணியிலிருந்த எல்லோருக்கும், பழைய தோழிகளுக்கும் பென் டிரைவில்.

பொதுக்குழு நாளன்று மன்றக் கூடம் நிறைந்திருந்தது. பெரிய டிவியில் ஆட்டம் ஓடியது. முதலில் கொறித்துக்கொண்டும் பேசிக்கொண்டும் இருந்தவர்கள் மூன்றாவது செட்டில் வாயை மூடினார்கள். பதினாலு பதிமூன்று. பந்து மேலே போனது. நின்றது.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “பந்து இன்னும் கீழ வரலையே மேடம்?”

கூடமே சிரித்தது. தலைவர் கையமர்த்திவிட்டு, “இதுல யார் ஜெயிச்சாங்கன்னு தெரியலையேம்மா,” என்றார்.

மதிலக்கா தம்பியைப் பார்த்தாள். “நீ சொல்லுடா. அடுத்த பாயிண்ட் யாருக்கு?”

அவன் மேசையில் இருந்த கைபேசியைத் திருப்பி வைத்தான். “ஞாபகம் இல்லக்கா.”

மறுபடியும் சிரிப்பு. சோபாவுக்கு அடியில் கையை விட்டு ஸ்க்ரூ தேடியவனும் இவன்தானே என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது. அந்தக் கணத்திலேயே இன்னொன்றும் தோன்றியது. இத்தனை நாள் எதற்காக இவர்களிடம் சாட்சி காட்டப் பாடுபட்டோம்? அந்தப் பந்து கீழே விழுந்தால் மைதானம் எங்களுக்கு, விழாவிட்டால் இல்லை என்று யார் சொன்னது?

எழுந்து நின்றாள்.

“நாங்க ஜெயிச்சோமா தோத்தோமாங்கிறது கிடக்கட்டும். ஜெயிச்சவங்களுக்குத்தான் சாயங்காலம்னா, லீக்ல எப்பவும் கடைசியில நிக்கிற உங்க டீம் எத்தன மணிக்கு ஆடணும்? விடிகாலையிலயா?”

இந்தமுறை சிரித்தவர்கள் வேறு ஆட்கள்.

“சந்தா நீங்களும் கட்டுறீங்க, நாங்களும் கட்டுறோம். அந்த மைதானத்துக்கு மண்ணு கொட்டினப்ப சட்டி தூக்கினவங்க இந்த டிவியிலயே இருக்காங்க. நாளைக்குச் சாயங்காலம் எங்க பொண்ணுங்க ஆடுவாங்க. இது விண்ணப்பம் இல்ல. தகவல்.”

தலைவர் கூட்டம் முடிந்தது என்றும் டீ இருக்கிறது என்றும் அறிவித்தார். மதிலக்கா டீ குடித்துவிட்டுத்தான் போனாள்.

மறுநாள் மாலை பெண்கள் அணி வலை கட்டியது. பென் டிரைவ் வாங்கிய பழைய தோழிகளும் வந்திருந்தார்கள். ஒருத்தி முழங்காலில் பட்டை போட்டுக்கொண்டு, ஒருத்தி பேரக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு. ஆண்கள் அணி வந்து ஓரமாக நின்றது. யாரும் யாரையும் தள்ளவில்லை. ‘எப்ப முடிப்பீங்க?’ என்று ஒருவன் கேட்டான். ‘ஆடி முடிச்சதும்,’ என்றாள் நர்ஸிங் படிக்கிறவள்.

பொழுது சாய்ந்தது. மைதான விளக்குகளின் சுவிட்ச் இருந்த அறையின் சாவி செயலாளரிடம். தம்பி விளக்குகளைப் போடவில்லை. பந்து கண்ணுக்குத் தெரியாமல் போனதும் ஆண்கள் பக்கம் லேசாகக் கைதட்டினார்கள்.

மதிலக்கா வெளியே போனாள். பயிற்சிப் பள்ளிக் காரை எடுத்துக்கொண்டு வந்து, மைதானத்தின் ஓரத்தில் வலையைப் பார்த்து நிறுத்தி, இரண்டு முன்விளக்குகளையும் முழு வெளிச்சத்தில் போட்டாள். இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினாள்.

“சர்வீஸ் யாரு?” என்றாள்.

ஆட்டம் தொடர்ந்தது. பந்தின் நிழல் எதிர்ச் சுவரில் யானை அளவுக்குப் போய் வந்தது. வெளிச்சத்துக்கு முதுகு காட்டி நின்றால்தான் பந்து தெரியும். அதனால் ஒவ்வொரு பாயிண்டுக்கும் பக்கம் மாற்றிக்கொண்டார்கள். சிரித்துக்கொண்டும் தடுக்கி விழுந்துகொண்டும் ஆடினார்கள். சாலையில் போனவர்கள் வேலியோரம் நின்று பார்க்கத் தொடங்கினார்கள். ஆண்கள் அணியிலேயே ஒருவன் தன்னை மறந்து “நல்ல எடுப்பு” என்று கத்திவிட்டு, பக்கத்திலிருந்தவனிடம் இடி வாங்கினான்.

மெல்ல மெல்லக் கார் விளக்குகள் மஞ்சளாகின. மங்கின. பாட்டரி இறங்கிக்கொண்டிருந்தது. யாரும் மைதானத்தை விட்டு நகரவில்லை.

மைதான விளக்குகள் எரிந்தன.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சுவிட்ச் அறையைப் பூட்டிக்கொண்டு தம்பி நின்றான். ஒருவர் முகத்தையும் பார்க்காமல், சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஓரத்துப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தான். ஆடி முடியும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தான்.

கிளம்பும்போது கார் ஸ்டார்ட் ஆகவில்லை. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து சாவியைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு முனகலோடு சரி. ஜன்னல் வழியே தலையை நீட்டி, ஓரமாக நின்ற ஆண்கள் அணியைப் பார்த்தாள்.

“என்ன வேடிக்க? வந்து தள்ளுங்க.”

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு வந்தார்கள். தம்பியும் வந்தான். பின்கண்ணாடியில் அவன் நெற்றி தெரிந்தது. கார் சரளைக் கல்லில் மெல்ல உருளத் தொடங்கியது.

“அக்கா,” என்றான் மூச்சு வாங்க. “வாரத்துல மூணு சாயங்காலம் உங்களுக்கு. நாளைக்கே எழுதி ஒட்டிடுறேன். ஞாயித்துக்கிழமை மட்டும் எங்களுக்கு விட்டுக் குடு.”

“முதல்ல தள்ளுடா.”

“தள்ளிக்கிட்டுத்தானே இருக்கேன்.”

“எல்லாரும் ஒண்ணாத் தள்ளணும். ஆளுக்கொரு பக்கம் இழுத்தா வண்டி எப்படிப் போகும்?”

அவள் இரண்டாவது கியரில் போட்டுக் கிளட்சை விட்டாள். கார் ஒருமுறை துள்ளி இன்ஜின் பிடித்துக்கொண்டது. கொஞ்ச தூரம் போய், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமல் நிறுத்தினாள். தள்ளியவர்கள் இடுப்பில் கை வைத்து நின்றார்கள்.

“ஞாயித்துக்கிழமை பாதி பாதி,” என்று கத்திச் சொல்லிவிட்டு, தம்பியின் பதிலுக்குக் காத்திராமல் வண்டியைச் சாலையில் ஏற்றினாள்.